நாரைமுனை உப்பு பாடிய பாட்டு

நாரைமுனையில் உப்புப் போட்டுச் சாப்பிட்ட எல்லோர் வாயிலும் ஆளுக்கொரு வரி தெரியாத பாஷைப் பாட்டு வர ஆரம்பித்தபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது மாசி மாதம், உப்பளத்தில் வேலை தலைக்கு மேல் கிடந்தது, வெயில் நன்றாகக் காய்ந்தது, வெயில் காய்கிற நாளில் அளத்து ஜனங்களுக்குத் தங்கள் வாயில் என்ன வருகிறது என்று பார்க்க நேரமேது? முதலில் வந்தது டீக்கடை மிக்கேலுக்கு. மோரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கி ஒரு மடக்குக் குடித்தவர், கண்ணை மூடிக் கழுத்து நரம்பு புடைக்க ஒரு முழு வரியை ராகம் போட்டுப் பாடினார், பாடி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒமக்குச் சீனி கூடவா கொறையவா?" என்று எதிரே நின்றவரைக் கேட்டார். எதிரே நின்றவரும் "கொறைச்சே போடும்" என்றுதான் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சாம்பார் விழுந்ததும் பிள்ளைகள் மொத்தமும் ஒரே நேரத்தில் பாடியதால் வாத்தியார்கள் சாப்பாட்டு மணியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். கருவாட்டுக் குழம்பு வைத்த வீட்டைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். சாவு விழுந்த துட்டி வீட்டில் மட்டும் உப்பில்லாக் கஞ்சி கொடுப்பது என்று பெண்கள் முடிவு செய்தார்கள், அழுகிறபோது பாட்டு வந்தால் நன்றாகவா இருக்கும்? ஒருவருக்கு வந்த வரி மாறவே மாறாது, எத்தனை தடவை சாப்பிட்டாலும் அதே வரிதான், ஒரே வரி நாலைந்து பேருக்கும் வரும், அதனால் பெண் கேட்டுப் போகிறவர்கள் "பிள்ளைக்கு எந்த வரி?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொண்டார்கள். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பிக்கு ஒரே வரி வந்து தொலைத்ததில் இரண்டு பேரும் வெளியே தலைகாட்டவே கூச்சப்பட்டார்கள்.

ஊர் எல்லையைத் தாண்டினால் அது வெறும் உப்புதான். லாரிக்காரர்கள் தின்று பார்த்தார்கள், பாங்கி மேனேஜர் நக்கிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. வேற்றூர்க்காரர் நாக்கில் அது பேசாது என்று ஊர் தீர்மானித்துக்கொண்டது. பங்குச் சாமியார் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன, அவருக்கும் வரவில்லை, இது பிசாசின் வேலையோ என்றுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இழுத்தார். அன்றைக்கு மத்தியானம் ரசத்தில் அவருக்கே ஒரு வரி வந்தது, அதோடு பிசாசுப் பேச்சை விட்டுவிட்டார். "இப்பதாம்ல சாமியார் நம்மூர்க்காரர் ஆயிருக்காவ" என்று மிக்கேல் கடையில் வைத்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

பெர்சிஸ் வந்து இறங்கியது பங்குனி பிறந்த பிறகு. மதுரையில் ஒரு இறையியல் கல்லூரியில் எபிரேயம் சொல்லிக்கொடுக்கிறவள், ஐம்பதைத் தாண்டிய ஒற்றையாள், விடுதி அறையில் படித்து விடுதி அறையிலேயே வேலை பார்த்து விடுதி அறையிலேயே தலை நரைத்தவள். அவள் படிப்பெல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றி: பழைய காலத்து யூதர்கள் தொழுகைக்கு நடுவில் பாடுவதற்கென்றே கட்டிய பாட்டுகள், ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் புலவர்கள் எழுதிக்கொடுத்து சபை கூடிப் பாடியவை, அதில் பாதிக்கு மேல் தொலைந்துபோய் மிச்சம் கிழிந்த ஏடாகக் கிடப்பவை. அப்படியொரு கிழிந்த ஏட்டின் போட்டோவைத்தான் அவள் இளமையிலிருந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை கேட்டுப் பாடுகிற பாட்டு, மேலே இரண்டு வரி இருந்தது, கீழே ஒன்றுமில்லை. முன்பு விடுதியில் பக்கத்து அறையில் இருந்த பிள்ளை ஒருத்தி இப்போது நாரைமுனை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தப் பிள்ளை போனில் பதிந்து அனுப்பிய சத்தத்தைக் கேட்ட அன்றே பெர்சிஸ் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

டீக்கடையில் மிக்கேல் அவளுக்காக ஒரு கல் உப்பை வாயில் போட்டுப் பாடிக் காட்டினார். எபிரேயம்தான், தமிழில் சொன்னால், "ஆழத்துக்குக் கதவு போட்டவனே, கதவருகே நிற்கிறோம்." அதே முதல் வரி. ஏட்டில் செத்துக் கிடந்த எழுத்துக்கு ராகம் இருந்தது, மூச்சு இருந்தது, டீக்கறை படிந்த பல் இருந்தது. பெர்சிஸ் பெஞ்சில் உட்கார்ந்து பொங்கிப் பொங்கி அழுதாள். "என்ன டீச்சர், நான் அவ்வளவு மோசமாவா பாடிட்டேன்?" என்று மிக்கேல் பதறிப்போனார்.

இந்தப் பாட்டு உப்புக்குள் எப்படிப் போனது என்பதை வடிவு சொன்னாள். வடிவுக்குக் கடலோரம் கடைசியில் கொஞ்சம் அளம், குத்தகைக்கு எடுத்தது, புருஷன் போன பிறகு ஒற்றையாளாக வாருபலகை பிடித்து உப்பு வாரி மகளைக் கட்டிக்கொடுத்தவள். தை மாதம் உப்புத்தண்ணீர் வாய்க்காலை ஆழப்படுத்த வெட்டியபோது அவள் மண்வெட்டி பட்டு ஒரு பானை உடைந்தது. உள்ளே மக்கிய தாள், தொட்டதும் கரைந்து வாய்க்காலோடு போய்விட்டது, அந்த வாய்க்கால்தான் ஊரில் இருக்கிற அத்தனை பாத்திக்கும் தண்ணீர் கொடுப்பது. ஒரு காலத்தில் மெயிர் முதலாளி என்று ஒரு யூத வியாபாரி அங்கே முத்துக் கொள்முதல் செய்திருக்கிறார், அவருடைய பழைய சரக்குக் கிட்டங்கி இன்றைக்கும் கடற்கரையில் தகரக் கூரையோடு நிற்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். அவர் ஏன் தாளைப் பானையில் போட்டுப் புதைத்தார் என்பது பெர்சிஸுக்குத்தான் தெரிந்திருந்தது. "கடவுள் பேர் எழுதின தாளை அவங்க எரிக்க மாட்டாங்க, குப்பையில போட மாட்டாங்க. கிழிஞ்சு போனா மனுஷரைப் புதைக்கிற மாதிரி மண்ணுல வெச்சிருவாங்க."

"அப்ப நான் பொணத்தையாம்மா ஒடைச்சேன்?" என்று வடிவு நெஞ்சில் கை வைத்தாள்.

"இல்ல வடிவு. தூங்கினதை எழுப்பிட்டீங்க."

வடிவு தன் வீட்டுப் பின்னறையையே அவளுக்குத் தங்கக் கொடுத்தாள். வாடகை பேசியபோது அடிக்க வராத குறைதான். ஆனால் ஒரு சங்கடம்: பெர்சிஸுக்கு ரத்தக் கொதிப்பு, டாக்டர் உப்பை அடியோடு நிறுத்தியிருந்தார், அதனால் வடிவு தினமும் அவளுக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாக் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தது. "ஊரெல்லாம் உப்புத் தின்னு பாடுது, பாட்டு கேக்க வந்தவுக உப்பில்லாம திங்கீய. சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவுகதானான்னு நாலு பேரு என்னைக் கேக்காக" என்று கேலி பேசுவாள். "நான் தின்னாலும் வராதுல்ல, நான் என்ன இந்த ஊரா? ரெண்டு வாரத்துல போயிருவேன்" என்பாள் பெர்சிஸ். இரண்டு வாரம் முடிந்தது. அவள் போகவில்லை.

வீடு வீடாகப் போனாள். ஆளுக்கொரு கல் உப்பு, ஆளுக்கொரு வரி. வடிவின் வரி, "வெறுங்கையோடு வந்தோம், வெறுங்கையும் நீ கொடுத்ததே." பள்ளிப்பிள்ளைகளுக்கு, "மேகத்தைக் கன்றுக்குட்டியாய் அவிழ்த்துவிடு." அந்தப் பேசாத அண்ணன் தம்பிக்கு, "பிளந்த நிலம் வாய் திறந்திருக்கிறது." அந்தக் காலத்துப் புலவர்கள் பெரும்பாலும் வரிகளை அகரவரிசையில் கோப்பார்கள், முதல் எழுத்தில் முதல் வரி தொடங்கும், அடுத்த எழுத்தில் அடுத்தது, அதனால் வரிசைப்படுத்துவது சுலபமாக இருந்தது, கடைசி எழுத்தில் தொடங்குகிற வரி மட்டும் எவர் வாயிலும் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தவர் முதல் பல் முளைத்த பிள்ளை வரைக்கும் பார்த்தாயிற்று. ஒரு வரி, ஒரே ஒரு வரி! பெர்சிஸுக்குச் சோறு இறங்கவில்லை, பொட்டு வைக்காத முகம்போல அந்தப் பாட்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பாட வைத்தால் என்ன? இடையிலே விட்டுப்போன ஆள் யாராவது இருந்தால் தன்னாலே வாயைத் திறப்பார். சித்திரை முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, ஊர் மொத்தமும் வடிவு வீட்டு வாசலிலிருந்து அவள் அளம் வரைக்கும் வரப்பில் வரிசை பிடித்து நின்றது, வீட்டு வாசலில் முதல் வரிக்காரர் மிக்கேல், வரப்பின் மறுகோடியில் வடிவின் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் கடைசிக்கு முந்தின வரிக்காரர்கள், எல்லோர் கையிலும் ஒரு கல் உப்பு. திருவிழாவுக்கு நிற்கிற மாதிரி சிரிப்பும் கும்மாளமும். மிக்கேல் தொடங்கினார். வரி கைமாறிக் கைமாறி வரப்பு வழியாகப் போனது. பாதி வரிசை போகுமுன் காற்று திரும்பியது, பிள்ளைகளின் வரி வந்தபோது வெயில் மங்கியது, மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கடலிலிருந்து கிளம்பிய மேகம் ஊரையும் அளத்தையும் மேற்கே கரிசல் காடு வரைக்கும் மூடி, நடுத்தலைக்கு மேலே வந்து, கடைசி வரி இல்லாததால், அப்படியே நின்றுவிட்டது.

சித்திரையில் மழைமேகம்! உப்பளத்துக்காரனுக்கு அதைவிடக் கேடு உண்டா? வருஷம் முழுக்க வாரிய உப்பு தட்டுமேட்டில் அம்பாரம் அம்பாரமாகத் திறந்து கிடந்தது. கிடுகும் தார்ப்பாயும் தூக்கிக்கொண்டு ஆணும் பெண்ணும் ஓடினார்கள், பாதி அம்பாரத்துக்குக்கூடப் போதவில்லை. ஆனால் மேகம் பெய்யவில்லை. கலையவும் இல்லை. அன்றைக்கும் நின்றது, மறுநாளும் நின்றது, பிறகும் நின்றது. வெயில் இல்லாததால் பாத்தியில் உப்பு விளையவில்லை, தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது; மழை இல்லாததால் புழுக்கம் உயிரை எடுத்தது; ஈரம் கோத்த தடத்தில் வண்டி இறங்கிவிடும் என்று லாரிக்காரர்கள் வர மறுத்துவிட்டார்கள். ஜனங்கள் தலையைக் குனிந்தே நடந்தார்கள், நிமிர்ந்து பார்த்தால் விழுந்துவிடுமோ என்ற பயம். பாட்டு வருமே என்று வீடுகளில் உப்பை நிறுத்தினார்கள். நாரைமுனையில் உப்பில்லாச் சோறு! அதையும் அந்தச் சித்திரையில் பார்த்தார்கள்.

"இது மழைப்பாட்டுன்னு ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா டீச்சர்?" என்று மிக்கேல் கேட்டார். டீ கொடுத்துவிட்டுத்தான் கேட்டார், ஆனால் குரலில் பழைய மிக்கேல் இல்லை.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

பெர்சிஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பாட்டு எப்போது பாட வேண்டியது என்பதும் அவளுக்குத் தெரியும். பருவம் வரும் முன் தொழுகையில் மழை என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள், எடுத்துவிட்டால் தொழுகையைத் திரும்பச் சொல்ல வேண்டும், இதைப் பத்து வகுப்பிலாவது அவளே நடத்தியிருக்கிறாள். படிக்கிற பாட்டாகவே பார்த்துப் பார்த்து, அது கேட்கிற பாட்டு என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. "தப்பு என்மேலதான் அண்ணாச்சி" என்றாள். அவர் கிளாஸைக் கழுவப் போனார்.

கரிசல் காட்டிலிருந்து ஆள் வந்தது அதற்கப்புறம். சீனிராஜ், ஓடைக்கரைப்பட்டிக்காரர், வடிவின் மகள் பொன்செல்வியைத் தன் மகனுக்குக் கட்டிக்கொண்டுபோன சம்பந்தி. அங்கே இரண்டு வருஷமாக மழை இல்லை, கிணறு தரை தட்டிவிட்டது, மாடுகளை வந்த விலைக்குப் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், தலைக்கு மேலே மேகம் நிற்கிறது பெய்ய மாட்டேனென்கிறது என்றால் மனுஷன் என்னதான் செய்வான்? "மதினி, உங்க ஊர்ல ஒரு பாட்டு அரைகுறையா நிக்காம்லா. அதை முடிச்சுவிடச் சொல்லுங்க" என்றார்.

"முடிச்சா என் வருஷ உழைப்பு கரைஞ்சு கடலுக்குப் போயிரும் அண்ணாச்சி."

"முடிக்காட்டா உங்க மகளே வயித்துப் பிள்ளையோட காட்டுக்குள்ள குடத்தத் தூக்கிட்டு அலையணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

வடிவு எழுந்தாள். அடுப்படிக்குப் போய் பெர்சிஸின் கஞ்சியைக் கிண்டினாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது, பொன்செல்விதான், தண்ணி லாரி இன்றைக்கும் வரவில்லை அம்மா என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. காதில் போனை இடுக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை பழகிய பழக்கத்தில் வடிவு அந்தச் சட்டியில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள்.

பெர்சிஸ் ஒரு வாய் குடித்தாள். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி மார்பைத் தள்ளிக்கொண்டு தொண்டைக்கு வந்தது, அவள் எண்ணி வந்ததில்லை, அவளைக் கேட்டும் வரவில்லை, எத்தனையோ வருஷம் எங்கெங்கோ தேடிய வரி அவள் நாக்கின் அடியிலேயே எழுந்து உட்கார்ந்தது. கடைசி எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரோடு சாய்ந்து, கண் பிதுங்க, விழுங்கினாள், திரும்ப வந்தது, திரும்ப விழுங்கினாள். வெளியே மேகம் ஒரு தடவை உறுமியது.

வடிவு சட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அடியாத்தி! ஒங்க கிட்டயா இருக்கு?"

பெர்சிஸ் தலையை ஆட்டினாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. ஒரு மூச்சு விட்டால் பாட்டு முழுசாகும்; அவள் வாழ்க்கையில் வேண்டிக் கேட்டது அது ஒன்றுதான். அந்த ஒரு மூச்சில் ஊர் உப்பு அத்தனையும் போய்விடும்.

சேதி ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் அளத்துக்காரர்கள், ஒரு பக்கம் சீனிராஜோடு டிராக்டரில் வந்து இறங்கிய பட்டிக்காட்டு ஜனங்கள், நடுவில் வடிவு வீட்டு வாசலில் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு பெர்சிஸ். "சொல்லுங்கம்மா" என்றது ஒரு பக்கம். "சொன்னீய, கொலை விழும்" என்றது மறுபக்கம். யார் கையில் கம்பு இருந்தது, யார் கையில் வாருபலகை இருந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை யாரும். சாமியார் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

பெர்சிஸ் முந்தானையை எடுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் எச்சிலை விழுங்கி விழுங்கித்தான் பேச முடிந்தது. "ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் அடிச்சுக்கோங்க. பழைய காலத்துல அவங்க திருவிழாவுக்குத் தூர தேசத்துல இருந்தெல்லாம் நடந்து எருசலேமுக்கு வருவாங்க. திருவிழா முடிஞ்ச உடனே மழை கேக்கணும், நிலம் காஞ்சு கிடக்கு. ஆனா அங்க இருக்கிறவங்க கேக்க மாட்டாங்க. ரொம்பத் தூரத்துக்காரர் ஒருத்தர் நடந்துக்கிட்டிருப்பாரே, அவர் தன் ஆத்தங்கரைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பொறுத்திருப்பாங்க. வழியில அவர் நனையக்கூடாது. அதுக்கப்புறந்தான் மழைன்னு வாயைத் திறப்பாங்க."

சீனிராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப இந்த உப்பு வீடு சேரணும்ங்கிய."

"ஆமா."

"ஏலே, டிராக்டரைத் திருப்புங்கலே" என்றார் அவர்.

இப்படியொரு கூத்தை எங்கே பார்ப்பது? மழை வேண்டுமென்று வந்தவர்கள் மழைக்கு முன் உப்பை ஒதுக்க ஓடினார்கள். லாரி இறங்காத தடத்தில் கருவேலங்கிளையை வெட்டிப் போட்டு டிராக்டரை இறக்கினார்கள், அளத்துப் பெண்கள் வாரிக்கொடுக்க பட்டிப் பெண்கள் சுமந்தார்கள், மெயிர் முதலாளியின் கிட்டங்கி உத்தரம் முட்ட நிறைந்தது, கோயில் மண்டபம் நிறைந்தது, பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு நிறைந்தது. மேகம் இறங்கி இறங்கிப் பனை உயரத்துக்கு வந்துவிட்டது. பெர்சிஸ் வாசலில் உட்கார்ந்து வரியை விழுங்கிக்கொண்டே இருந்தாள், தொண்டை புண்ணாகி, கண் சிவந்துபோக. மறுநாள் மத்தியானம் எல்லா அம்பாரமும் ஒதுங்கிவிட்டது. ஒன்றைத் தவிர.

வடிவின் அம்பாரம். கடலோரத்துக் கடைசி அளம், அதற்குப் போகிற வரப்பில் டிராக்டர் ஏறவே முடியாது. ஏற்றிப் பார்த்தார்கள், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சகதிக்குள் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் சீனிராஜின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவர் முகம் செத்திருந்தது. பட்டியில் மிச்சமிருந்த உழவுமாடு ஒன்று விழுந்துவிட்டது, பொன்செல்வி தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். "மதினி" என்றார். வடிவு தன் அம்பாரத்தைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். வெள்ளையாக, ஆள் உயரத்துக்கு மேலே, அவள் ஒருத்தி வாரியது.

"டீச்சர், சொல்லிருங்க."

பெர்சிஸ் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"நான்தான சொல்லுதேன். என் உப்பு, என் மக. சொல்லுங்க!"

"கடைசி ஆள் சேரல வடிவு. அதுக்கு முன்னால சொன்னா அது வேற பாட்டு."

"பாட்டாம் பாட்டு! என் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க பாட்டை வச்சு நான் நாக்கு வழிக்கவா?" என்று கத்திய வடிவு வரப்பில் விறுவிறுவென்று ஓடி, தன் அம்பாரத்திலிருந்தே ஒரு கல் உப்பை எடுத்தாள், பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த பெர்சிஸின் தாடையைப் பிடித்து, பிள்ளைக்கு மருந்து கொடுப்பதுபோல வாயைத் திறந்து, உள்ளே போட்டுவிட்டாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளத்துக்காரர்கள்கூடத் தடுக்கவில்லை.

வரி வந்தது. அடக்கி வைத்திருந்ததாலோ என்னவோ அவ்வளவு உரக்க, மிக்கேலைவிட, சாமியாரைவிட உரக்க, வரப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கேட்கும்படி வந்தது. பாடி முடித்த பிறகுதான் அவளுக்கே அதன் அர்த்தம் புரிந்தது. புரிந்ததும் உப்பின்மேலேயே சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், இரண்டும்.

"என்ன சொல்லிச்சு? ஏன் பெய்யல?" என்று சீனிராஜ் அண்ணாந்து பார்த்தார். மேகம் ஒரு சொட்டு விடவில்லை.

"'தொலைவில் ஒருவர் நடந்து வருகிறார், அவர் வீடு சேரும்வரை பொறுத்துப் பெய்.' இதுதான் வரி. அது காத்துக்கிட்டிருக்கு அண்ணாச்சி. இந்த வரி இல்லாமத்தான் மேகம் எப்பப் பெய்யுறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னுருக்கு. வடிவோட உப்பு வீடு சேரணும், ஓடுங்க!"

ஓடினார்கள். கூடை, அண்டா, சாக்கு, முந்தானை, கையில் கிடைத்ததெல்லாம். யாரும் சொல்லாமலே அன்றைக்குப் பாட நின்ற அதே வரிசையில் நின்றார்கள், பக்கத்தில் யார் என்பது பழகியிருந்தது அல்லவா. வீட்டு வாசலில் மிக்கேல், அடுத்து அவருக்குப் பக்கத்து வரிக்காரர்கள், நடுவில் பள்ளிப்பிள்ளைகள், அந்த அண்ணனும் தம்பியும் தோளோடு தோள், இடைவெளி விழுந்த இடத்திலெல்லாம் பட்டிக்காட்டு ஜனங்கள், மறுகோடியில் அம்பாரத்தின் அடியில் கூடை நிரப்பிக்கொடுக்க, கடைசி வரிக்காரி பெர்சிஸ். பாட்டு போன வழியிலேயே திரும்ப உப்பு வந்தது. கைமாறிக் கைமாறி வந்து வடிவின் வீடு நிறைந்தது, முன்னறை நிறைந்தது, அடுப்படி நிறைந்தது, பின்னறையில் பெர்சிஸின் கட்டிலும் தாள்களும் ஒதுக்கப்பட்டு அங்கேயும் நிறைந்தது. கடைசிக் கூடை வாசலைத் தாண்டி உள்ளே போயிற்று. எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தங்கள் தங்கள் வீட்டுக்குள் போனார்கள், பட்டிக்காட்டு ஜனங்களை ஆளுக்கொரு வீட்டில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், அத்தனை வாசலிலும் முகங்கள் வானத்தைப் பார்த்தன.

பெய்யவில்லை.

"இன்னும் என்னவே?" என்று சீனிராஜ் வடிவு வீட்டு வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாந்தான் சேந்தாச்சே? இன்னும் எவன் நடந்து வாரான்?"

வடிவு அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள். தூரத்தில், வெறும் தட்டுமேட்டில், கூட்டிப் பெருக்கிய இடத்தில், வாருபலகையைக் கையில் பிடித்துக்கொண்டு பெர்சிஸ் தனியே நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் வீட்டுக்குப் போனதைப் பார்த்தவளுக்குத் தான் எங்கே போவதென்று ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. மதுரையில் விடுதி அறை பூட்டிக் கிடந்தது, இங்கே அவள் அறையில் உப்பு கிடந்தது.

"ஏ டீச்சர்!" வடிவின் சத்தம் அளம் முழுக்கக் கேட்டது. "அங்கன என்ன மரம் மாதிரி நிக்கீய? ஊரே சேந்துட்டு, நீங்க ஒருத்தி வெளிய நின்னா அது எப்படிப் பெய்யும்? வீட்டுக்கு வாங்க!"

வீட்டுக்கு வா என்று அவளை யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பெர்சிஸ் நடந்தாள். நீளமான வரப்பு, ஈரத்தில் வழுக்கியது, அவள் நடக்க நடக்க ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, மேகமும் பிடித்துக்கொண்டிருந்தது. வாசலில் வடிவு கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு படியேறினாள், உள்ளே கால் வைத்தாள்.

"கதவச் சாத்துங்க டீச்சர், உப்பு நனைஞ்சிரும்" என்றாள் வடிவு.

சாத்தினாள். அதற்கப்புறந்தான் பெய்தது.